தனித்தன்மை என்னும் பொருந்தாச் சொல்

"இந்த எதிர்ப்பொருள் பரிசோதனை 95 சதவீத உணர்திறனும் 98 சதவீதத் தனித்தன்மையும் கொண்டது" என்று எழுதும் வழக்கம் மருத்துவச் செய்திகளில் வேரூன்றிவிட்டது. எதிர்ப்பொருள் என்பது தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், ஆங்கிலத்தில் ஆன்டிபாடி. புதிய வைரஸ் ஒன்று பேசப்படும் போதெல்லாம் இந்தத் தொடரும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் இதைப் படித்தால், வேறெந்தப் பரிசோதனைக்கும் இல்லாத சிறப்பு இதற்கு உண்டு என்றுதான் கொள்வார். இங்கே தனித்தன்மை என்று பெயர்க்கப்பட்ட ஸ்பெசிஃபிசிட்டி என்ற ஆங்கிலச் சொல் உணர்த்த வந்த பொருளில் ஒரு துளியும் அவரை எட்டாது. பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பொருளோ அது.

ஒரு வைரஸ் தொற்றுக்கு உள்ளானவர்களில் எத்தனை சதவீதத்தினரைப் பரிசோதனை சரியாகக் கண்டுகொள்கிறது என்பது சென்சிட்டிவிட்டி, அதாவது மேலே உணர்திறன் எனப்பட்டது. தொற்றுக்கு உள்ளாகாதவர்களில் எத்தனை சதவீதத்தினரை "இல்லை" என்று சரியாகச் சொல்கிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. முன்னதன் வேர் "உணர்" என்று பொருள்படும் லத்தீன் வினை. பின்னதன் வேர் "வகை" என்று பொருள்படும் லத்தீன் பெயர். நோயறியும் முறைகளை அளக்கும் இரட்டை அளவுகோலாக இவற்றை 1947இல் நிலைநிறுத்தியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி. காசநோய்க்கான எக்ஸ்ரே படங்களை எப்படி மதிப்பிடுவது என்பதே அப்போது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்.

தனித்தன்மை என்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஆன்டிஜெனை, அதாவது தன்னை உண்டாக்கத் தூண்டிய அயற்பொருளை, மட்டுமே பற்றும். அந்தப் பண்பைத் தனித்தன்மை என்கிறோம். ஆகவே பரிசோதனைக்கும் அதே சொல் போதும் என்பார்கள். மூலக்கூறைப் பற்றிப் பேசும்போது அச்சொல் பொருந்துகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. டெங்கு வைரஸுக்காக உண்டான எதிர்ப்பொருள், உறவு வைரஸான ஜிகாவுக்குரிய பரிசோதனையிலும் போய் ஒட்டிக்கொண்டு தவறான முடிவைத் தருவதுண்டு என்பதால், மூலக்கூறின் பண்புக்கும் பரிசோதனையின் பிழைக்கும் தொடர்பு இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடர்பு இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. முடக்குவாதக் காரணி என்னும், உடலின் சொந்த எதிர்ப்பொருளையே பற்றும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டக்கூடும். விரைவுப் பரிசோதனைப் பட்டையைக் குறித்த நேரம் கடந்து பார்த்தால், மங்கலான கோடு ஒன்று தோன்றி ஏமாற்றக்கூடும். மாதிரிக் குழாயின் பெயர்ச்சீட்டு மாறிப்போனாலும் அதே விளைவுதான். இவை எவற்றுக்கும் மூலக்கூறின் தனித்தன்மையோடு தொடர்பில்லை. ஆனால் அத்தனையும் ஸ்பெசிஃபிசிட்டி என்ற விகிதத்தைக் குறைப்பவை. எண்ணப்படுவோர் மனிதர்கள், அந்த எண்ணிக்கைக்கு மூலக்கூறின் பண்பைப் பெயராகச் சூட்டுவது பிழை.

சிலர் "குறிப்பிட்ட தன்மை" என்று எழுதுகிறார்கள். "98 சதவீதக் குறிப்பிட்ட தன்மை" என்றால் எந்தத் தன்மை என்ற கேள்விதான் எழுகிறது. வேறு சிலர் "விலக்குதிறன்" என்கிறார்கள். கருத்தளவில் இது நெருங்கி வருகிறது, தொற்றில்லாதவரை விலக்கிக் காட்டும் திறன் என்று விரித்துக்கொள்ளலாம். ஆயினும் விலக்கு விசை என்று இயற்பியலில் பழகிய காதுக்கு இது வேறொன்றாகத் தொனிக்கும். நான் பரிந்துரைப்பது "இன்மையறிதிறன்". இல்லாமையை இல்லாமை என்று அறியும் திறன் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு இணையாகச் சென்சிட்டிவிட்டியைக் "கண்டறிதிறன்" என்னலாம். உணர்திறன் என்ற சொல்லை நான் ஒதுக்கவில்லை. மாதிரியில் எதிர்ப்பொருள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உணர்ந்துவிடும் கருவியின் ஆற்றலைச் சொல்ல அதுவே சரியான சொல், அதற்கென்றே அதை வைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் ஆற்றலுக்கும் நோயாளிகளைக் கண்டுகொள்ளும் விகிதத்துக்கும் ஒரே சொல்லை ஆள்வதால்தான், நுண்ணிய அளவையும் உணரும் கருவி எல்லா நோயாளிகளையும் பிடித்துவிடும் என்ற தவறான நம்பிக்கை பரவுகிறது.

இவற்றையெல்லாம் விடக் கேடு விளைவிப்பது, இரண்டையும் கலந்து "95 சதவீதம் துல்லியமானது" என்று ஒரே எண்ணாகச் சொல்வது. துல்லியம் என்பது சமமானது என்று பொருள்படும் துல்ய என்ற வடசொல்லிலிருந்து வந்தது; துலாக்கோலின் துலாவும் அதே குடும்பம். இந்த ஒற்றை எண் எதை மறைக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பத்தாயிரம் பேரில் 500 பேர் தொற்றுக்கு உள்ளானவர்கள் என்று கொள்வோம். கண்டறிதிறன் 90 சதவீதமும் இன்மையறிதிறன் 95 சதவீதமும் உள்ள பரிசோதனை, அந்த 500 பேரில் 450 பேரைக் கண்டுகொள்ளும். மீதமுள்ள 9,500 பேரில் 475 பேருக்கு இல்லாத தொற்றை இருந்ததாகச் சொல்லும். சரியான முடிவுகள் மொத்தம் 9,475. ஆக, துல்லியம் 94.75 சதவீதம். ஆனால் "தொற்று இருந்தது" என்ற முடிவு பெற்ற 925 பேரில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்றே வந்ததில்லை. எவரையும் பரிசோதிக்காமலே எல்லாருக்கும் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால்கூடத் துல்லியம் 95 சதவீதம் வந்துவிடும்! கண்டறிதிறனை முழு நூறாக உயர்த்தினாலும் தவறாகச் சொல்லப்படும் அந்த 475 பேர் குறைய மாட்டார்கள். இன்மையறிதிறனை 99 ஆக உயர்த்தினால் அவர்கள் 95 பேராகக் குறைவார்கள். இரண்டு பரிசோதனைகளை ஒப்பிட வேண்டியவருக்குத் துல்லியம் என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் இந்த வேறுபாடு அவர் கண்ணில் படவே படாது.

ஆன்டிபாடி என்பதற்கு "எதிரணு" என்று எழுதுவதும் இதே அக்கறையின்மையின் இன்னொரு முகம். அது அணு அன்று, உயிரணுவும் அன்று, ஒரு புரதம். 1891இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் பால் எர்லிக் ஜெர்மன் மொழியில் ஆண்டிகோர்ப்பர் என்று பெயரிட்டபோது, கோர்ப்பர் என்பதைப் பொருள் என்ற கருத்திலேயே ஆண்டார். எதிர்ப்பொருள் என்ற நம் பாடநூற்சொல் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இலங்கை வழக்கான பிறபொருளெதிரி நீளமானாலும், வெளியிலிருந்து வந்த பொருளை எதிர்ப்பது என்ற விளக்கத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. இப்படி இரண்டு நல்ல சொற்கள் இருக்க, மூன்றாவதாகப் பொய் சொல்லும் சொல் ஒன்று எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தொடர் தமிழில் என்ன பொருள் தருகிறது என்று ஒருமுறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காத மொழிபெயர்ப்பு பெருகிவிட்டது. பொருந்தாத தமிழ்ச்சொல்லை விட ஸ்பெசிஃபிசிட்டி என்றே எழுதி, அடுத்த வரியில் விளக்கம் தருவது நேர்மையானது. வாசகருக்குத் தனக்குத் தெரியாத சொல் ஒன்று வந்திருக்கிறது என்பதாவது தெரியும்.

சொல் சரியானாலும் எழுதும் தொடர் முழுமையாக இருக்க வேண்டும். எதிர்ப்பொருள் உடலில் உருவாக நாள் பிடிக்கும் என்பதால், கண்டறிதிறன் ஒரே எண்ணாக நிற்பதில்லை. கொரோனா எதிர்ப்பொருள் பரிசோதனைகளைப் பற்றிக் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஐஜிஜி, ஐஜிஎம் என்னும் இருவகை எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடிய பரிசோதனைகளின் கண்டறிதிறன் அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் 30.1 சதவீதமாகவும், இரண்டாம் வாரத்தில் 72.2 சதவீதமாகவும், மூன்றாம் வாரத்தில் 91.4 சதவீதமாகவும் இருந்தது. ஆகவே "அறிகுறி தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இப்பரிசோதனையின் கண்டறிதிறன் இவ்வளவு, தொற்றுக்கு உள்ளாகாத இத்தனை பேரிடம் சோதித்ததில் இன்மையறிதிறன் இவ்வளவு" என்று நாளையும் ஆளையும் சேர்த்தே எழுத வேண்டும்.