ஆர்வி ஹீற்றர் ஒழுகினால் திருத்துவதா, மாற்றுவதா?

ஒன்ராறியோவில் குளிர் விலகி, மூடிவைத்த ஆர்விகளை (படுக்கை, சமையலறையோடு கூடிய முகாம் வண்டிகளை) சனம் வெளியே எடுக்கும் மே மாதத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தண்ணீர் ஒழுக்குப் பற்றியதுதான். அதிலும் சுடுநீர் ஹீற்றர் பக்கம் ஒழுகுகிறது என்றால் அழைப்பவர் ஏற்கெனவே முடிவெடுத்திருப்பார்: "தம்பி, புது ஹீற்றர் போட எவ்வளவு வரும்?" போய்ப் பார்த்தால் பல வண்டிகளில் ஹீற்றருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மறுபக்கம், தாங்கியே வெடித்துப்போன ஹீற்றரில் பசையை அப்பிவிட்டு "இந்தக் கோடை மட்டும் ஓடினால் போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் காசைத் தின்னும். தண்ணீர் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுத்த முடிவுகள் இவை.

கோவிட் காலத்தில் விமானம் ஏற முடியாதிருந்தபோது நம்மவர்கள் பலர் பழைய ட்ரெயிலரோ மோட்டர்ஹோமோ வாங்கினார்கள். அவற்றில் நிறைய ஹீற்றர்கள் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள வண்டிகளில் அதிகம் காணப்படுவது 6 அமெரிக்க கலன், அதாவது ஏறக்குறைய 23 லீற்றர் பிடிக்கும் தாங்கி. சபர்பன் நிறுவனத்தது என்றால் உள்ளே பீங்கான் பூச்சுப் பூசிய இரும்புத் தாங்கி. அதைத் துருவிலிருந்து காக்க ஒரு மக்னீசியம் தண்டு உண்டு. அனோட் என்பார்கள். தாங்கிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. அற்வூட் என்றால், இப்போது டொமெற்றிக் பெயரில் வருவது, அலுமினியத் தாங்கி. அதற்கு அனோட் தேவையில்லை, சாதாரண பிளாஸ்ரிக் அடைப்பான்தான். வெளிக்கதவைத் திறந்து கீழே உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றினால் தெரிந்துவிடும். கழற்றுவதற்கு முன் காஸ், மின்சாரம் இரண்டையும் நிறுத்தி, தாங்கியை ஆறவிட்டு, தண்ணீர் அழுத்தத்தையும் இறக்கிவிடுங்கள். உள்ளே இருப்பது 60 பாகை செல்சியஸ் சுடுநீர். அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஒழுக்கு. நான் அதிகம் காண்பது பாதுகாப்பு வால்வில் சொட்டுவதுதான். வெளிக்கதவைத் திறந்ததும் மேல்பக்கமாகச் சின்னக் கைப்பிடியோடு நிற்கும் பித்தளை வால்வு அது. உள்ளே அழுத்தம் 150 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) தொட்டாலோ வெப்பம் 99 பாகையைத் தொட்டாலோ திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. ஹீற்றர் சூடேறும்போது மட்டும் அதில் சொட்டுகிறது, ஆறியபின் நிற்கிறது என்றால் தாங்கியைச் சந்தேகிக்காதீர்கள். 10 பாகையில் உள்ள தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்கினால் அது ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேல் விரியும். 23 லீற்றருக்கு அது கிட்டத்தட்ட 400 மில்லிலீற்றர், ஒரு பெரிய தேநீர்க் குவளை நிறைய. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. அதனால் தாங்கியின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தண்ணீர் விரியும்போது அந்தக் காற்று ஒடுங்கி இடம் விடும். நாளாக நாளாகக் காற்று தண்ணீரில் கரைந்து போய்விட, விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி, வால்வு தன் கடமையைச் செய்கிறது.

இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஹீற்றரை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். பம்பையும் வெளித் தண்ணீரையும் பூட்டுங்கள். உள்ளே ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். பிறகு வால்வின் கைப்பிடியை இழுத்துப் பிடித்து, தண்ணீர் வருவது நின்றதும் சட்டென்று விடுங்கள். குழாயைப் பூட்டித் தண்ணீரைத் திறந்தால் மேலே மீண்டும் காற்று நிற்கும். இதற்குப் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றவேண்டும், அது சில பத்து டொலர் வேலை. அந்த வால்வின் வாயில் மட்டும் எதையும் வைத்து அடைக்காதீர்கள். முன்னைய சொந்தக்காரர் திருகு அடைப்பான் போட்டு "திருத்திய" வண்டி ஒன்றைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. தேர்மோஸ்டாட் பழுதாகி வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அந்தத் தாங்கி ஒரு குண்டுதான்.

வடிகால் அடைப்பானில் கசிந்தால் பெரிய விடயம் இல்லை. கழற்றி, மரையைத் துடைத்து, ரெஃப்லோன் நாடா சுற்றிப் பூட்டுங்கள். அனோட் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதே கையோடு மாற்றிவிடலாம்.

ஆளைக் குழப்புவது வண்டிக்குள்ளே, ஹீற்றரின் முதுகுப் பக்கம் வரும் ஒழுக்கு. கட்டிலுக்குக் கீழோ சமையலறை அலுமாரிக்குப் பின்னாலோ பலகையைக் கழற்றினால்தான் தெரியும். அங்கே குளிர்நீர் உள்ளே வரும் குழாய், சுடுநீர் வெளியே போகும் குழாய், ஒருவழி வால்வு, தண்ணீர் ஹீற்றருக்குள் போகாமல் சுற்றிப்போக விடும் பைபாஸ் வால்வுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குளிர்காலத்தில் ஒரு வாய்த் தண்ணீர் மிஞ்சியிருந்தாலே பிளாஸ்ரிக் ஃபிற்றிங் மயிரிழையாக வெடித்துவிடும். எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ரிசு பேப்பர் வைத்து, ஹீற்றரைச் சூடாக்காமல் தண்ணீரை மட்டும் திறந்துவிட்டுப் பாருங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் இடம். மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்றின் கஸ்கெற்றும் (கசியாமல் அடைக்கும் வளையம்) கசியும். அது மொடலைப் பொறுத்து முன்னோ பின்னோ இருக்கும், மாற்றலாம்.

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள இடங்களிலும் பெரும்பாலும் தண்ணீர் இணைப்பு இருக்காது, வண்டித் தாங்கியை நிரப்பிக்கொண்டு பம்பில்தான் ஓடுவோம். அது ஒரு வகையில் நல்லது. யாரும் குழாயைத் திறக்காதபோதும் இரவில் பம்ப் தானாக ஒருமுறை உறுமி நிற்கிறதென்றால் எங்கோ தண்ணீர் போகிறது. பைபாஸைத் திருப்பி ஹீற்றரைத் தனியாக்குங்கள். உறுமல் நின்றால் ஒழுக்கு ஹீற்றரிலோ அதன் மூட்டுகளிலோதான். தனியார் முகாம்களில் நேரடித் தண்ணீர் இணைப்பு எடுப்பவர்கள் 40–50 பிஎஸ்ஐ ரெகுலேற்றர் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். சில இடங்களில் வரும் அழுத்தத்துக்கு இந்தச் சின்ன மூட்டுகள் தாங்காது.

சரி, எப்போது மாற்றத்தான் வேண்டும்? தண்ணீர் தாங்கியிலிருந்தே வந்தால். பர்னர் குழாய்க்குள்ளிருந்து தண்ணீர் வருவது, தாங்கியைச் சுற்றியுள்ள வெள்ளை ரெஜிஃபோம் உறை ஊறிக் கீழ்விளிம்பால் வடிவது, மூட்டுகள் எல்லாம் காய்ந்திருக்க அடிப்பலகை மட்டும் நனைவது எல்லாம் அதன் அடையாளங்கள். (குளிர்ந்த தண்ணீரை முதன்முதலாகக் காஸில் சூடாக்கும்போது பர்னர் பக்கம் சில துளி தோன்றும். சுடரில் உண்டாகும் நீராவி குளிர்ந்த உலோகத்தில் படிவதுதான் அது. தண்ணீர் சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.) உறைந்து வெடித்த தாங்கியையும், துருப்பிடித்து ஊசித்துளை விழுந்த தாங்கியையும் நான் திருத்துவதில்லை. எபொக்சி பசை நிற்காது. நாளுக்குப் பலமுறை சூடேறி ஆறும் உலோகம் அது, உள்ளே அழுத்தம் வேறு. துளை விழுந்த இடத்தைச் சுற்றி உலோகம் மெலிந்தும் இருக்கும், ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். குழாய் திருகும் கழுத்து அரித்துப்போயிருந்தாலும் அதைத் தாங்கி போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உள்தாங்கியை மட்டும் மாற்றலாமே என்று கேட்பார்கள். சில மொடல்களுக்கு அது கிடைக்கும்தான். ஆனால் முழு ஹீற்றரையும் வெளியே எடுத்துப் பிரிக்கவேண்டும் என்பதால் கூலி குறையாது, பழைய காஸ் வால்வும் மின்பலகையும் அப்படியே இருக்கும். பழைய ஹீற்றருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. எலிமென்ற் போயிருக்கிறது, அனோட் வெறும் கம்பியாகிவிட்டது, வடித்த தண்ணீர் செம்மண் நிறம், வயது பன்னிரண்டு. தாங்கி இன்னும் ஒழுகவில்லை. இதில் உதிரிப்பாகம் வாங்கிப் போடுவதைவிட ஒரு கோடை பொறுத்துப் புதியதற்குக் காசு சேர்ப்பது மேல். நாலு வயது ஹீற்றரில் இதே எலிமென்ற் போனால் தயங்காமல் மாற்றித் தருவேன்.

மாற்றுவதென்று வந்தால் பழைய பிராண்டையே வாங்குவது சுலபம். சபர்பனின் 6 கலன் முகம் சதுரம், அற்வூட்டுடையது அகலம். மாறி வாங்கினால் சுவர் வெட்டையும் கதவையும் சரிப்படுத்தும் செலவு சேரும். தாங்கி இல்லாத உடனடி ஹீற்றர் மேல் இப்போது பலருக்கு ஆசை. முடிவில்லாத சுடுநீர் என்பது உண்மைதான். ஆனால் சபர்பன் பர்னர் மணிக்கு 12,000 பிரிஇயு (வெப்ப அளவு) எரிக்க, அவை 42,000, 60,000 என்று எரிக்கும். பெரும்பாலானவற்றில் மின்சாரத்தில் சூடாக்கும் வசதியும் இல்லை. முகாமில் மின்சாரத்துக்குக் காசு கட்டிவிட்டு புரொப்பேனை எரிக்கவேண்டி வரும். நாலு பேர் வரிசையாகத் தலை முழுகும் குடும்பமானால் யோசியுங்கள், இருவருக்கு 6 கலன் தாராளம்.

புரொப்பேன் குழாயை நீங்களே கழற்றிப் பூட்டாதீர்கள். ஒன்ராறியோவில் டிஎஸ்எஸ்ஏ (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ளவர்தான் அந்த வேலையைச் செய்யலாம். சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மனோமீற்றர் என்ற அழுத்தமானி வைத்து அழுத்தச் சோதனை செய்கிறாரா என்று கவனியுங்கள்.

புது ஹீற்றர் ஏறுவதற்கு முன் அடித்தளத்தைப் பாருங்கள். ஸ்குரூட்ரைவரின் முனையால் பலகையைக் குத்தினால் உறுதியாக நிற்கவேண்டும். அமிழ்ந்தால் உக்கிவிட்டது, பலகையை மாற்றாமல் அதன்மேல் ஹீற்றரை வைக்கக்கூடாது. பல வண்டிகளில் இந்தப் பலகை வேலைதான் ஹீற்றரைவிட அதிகம் கேட்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு குத்தை மறக்கவேண்டாம்.

உறைந்து வெடித்ததற்குப் பொதுவாக உத்தரவாதம் செல்லாது. ஒக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் முடிந்ததும் தாங்கியை வடித்து, பைபாஸைத் திருப்பி, குழாய்களுக்கு இளஞ்சிவப்பு ஆர்வி அன்ரிஃப்ரீஸ் விடுங்கள். மின் எலிமென்றின் சுவிட்சில் ஒரு நாடா ஒட்டிவையுங்கள். மேயில் வெறும் தாங்கியோடு அதைப் போட்டால் எலிமென்ற் நொடிகளில் எரிந்துவிடும்.

திருத்துநரை அழைக்கும்போது வெளிக்கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தையும், நனைந்த இடத்தையும் படம் பிடித்து அனுப்புங்கள். சூடேறும்போது மட்டும் ஒழுகுகிறதா, ஆறியிருக்கும்போதும் ஒழுகுகிறதா என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் வால்வைக் கொண்டுவருவதா ஹீற்றரையே கொண்டுவருவதா என்று எங்களுக்குத் தெரியும்.