சைட்டேஷன் என்றால் மேற்கோளா?

"ஒவ்வொரு பத்தியிலும் குறைந்தது ஒரு மேற்கோளாவது இருக்க வேண்டும்." ஆய்வேடு எழுதுவோருக்கென்று தமிழாக்கப்படும் வழிகாட்டிகளில் இந்த மாதிரி ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் சைட்டேஷன். பிறரிடமிருந்து பெற்ற தகவல் எதுவானாலும் அது எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே காட்டு என்பதுதான் அங்கே சொல்ல வந்தது. தமிழில் படிக்கும் மாணவர் வேறொன்றைப் புரிந்துகொள்கிறார்: பத்திக்குப் பத்தி யாராவது ஒரு பேராசிரியரின் வாக்கியத்தை இரட்டைக் குறிக்குள் கொண்டுவந்து நிறுத்து. ஆய்வேடு முழுக்க ஒட்டுப்போட்ட வாக்கியங்கள். இதைவிடப் பெரிய கேடு மறுபக்கம் இருக்கிறது. சொந்த நடையில் மாற்றி எழுதிவிட்டால் அது மேற்கோள் இல்லையே, பிறகு ஏன் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்துவிடுகிறார். கருத்துத் திருட்டு அங்கேதான் தொடங்குகிறது. பாதிப் பழி அந்த மொழிபெயர்ப்பைச் சேரும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சைட் என்ற ஆங்கில வினைக்கு வேர் லத்தீனின் சிட்டாரே: அழை, வரவழை. நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணைக்கு அந்தச் சொல் இன்றும் உண்டு. ரெஃபரன்ஸ் என்பதற்கு வேர் ரெஃபெர்ரே, திரும்பக் கொண்டுபோதல். வாசகரை மூலத்துக்குத் திருப்பி அனுப்புவது. பிப்ளியோகிராஃபி கிரேக்கம், நூல்களை எழுதிவைத்தல். கொட்டேஷன் வேறு குடும்பம்: பகுதிகளுக்கு எண்ணிட்டுக் குறிப்பது என்ற பொருளிலிருந்து வந்து, பிறர் சொற்களை அப்படியே எடுத்துரைப்பது என்று ஆனது. ஆங்கிலத்தில் நான்கு வேலைகளுக்கு நான்கு சொற்கள் இருக்க, தமிழாக்குவோர் முதல் மூன்றையும் நான்காவதோடு சேர்த்து 'மேற்கோள்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

மேற்கோள் நல்ல சொல்தான். மேல் + கோள். கொள் என்பதிலிருந்து வந்த கோள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் ஒவ்வொரு வாதமும் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற வரிசையில் போகும். அங்கே மேற்கோள் என்பது பிறர் சொன்னது இல்லை. ஆசிரியர் தாமே நாட்ட எடுத்துக்கொண்ட கூற்று. நன்னூல் பாயிரத்தில், முன்னோர் சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்துச் சொல்கிறோம் என்று காரணம் கூறும் ஒன்பதாம் சூத்திரத்தைப் பாருங்கள். "முன்னோரின் வேறுநூல் செய்துமெனும் மேற்கோளில் என்பதற்கும் கூறுபழஞ் சூத்திரத்தின் கோள்" என்று முடிகிறது. வேறு நூல் செய்வோம் என்ற துணிவுக்குப் பெயர் மேற்கோள். பழைய சூத்திரத்தை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் வெறும் கோள். ஆக, தன் கூற்றைக் குறித்த சொல் பிறர் கூற்றைக் குறிப்பதாக ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்துவிட்டது. உரையாசிரியர்கள் காலந்தொட்டு அந்தப் புதுப்பொருள் வேரூன்றியும் விட்டது. மேற்கோள் காட்டினார் என்றால் பிறர் வரியைச் சொன்னபடியே எடுத்துக்காட்டினார் என்றுதான் எந்தத் தமிழருக்கும் படும். மேற்கோள்குறி என்ற நிறுத்தக்குறியின் பெயரே இதற்குச் சான்று. இப்படி உறுதியாகிவிட்ட சொல்லை இன்னொரு முறை இழுத்து, வரியே இல்லாத இடத்துக்கும் போர்த்தப் பார்க்கிறார்கள்.

ஓர் ஆய்வுக் கட்டுரை இத்தனை முறை பிற கட்டுரைகளில் சுட்டப்பட்டது என்ற எண்ணிக்கையை 'மேற்கோள் எண்ணிக்கை' என்று எழுதுகிறார்கள். அறிவியல் கட்டுரைகளில் பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவது அரிது; "இந்த முறை முன்பே விளக்கப்பட்டுள்ளது [7]" என்று ஓர் எண்ணோடு முடிந்துவிடும். அங்கே மேற்கோள் எங்கே இருக்கிறது? தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைக்கு அடியில் 'மேற்கோள்கள்' என்று தலைப்பு வரும்; ஆனால் மூலம் காட்டாத வரிக்குப் பக்கத்தில் இடும் குறி 'சான்று தேவை'. ஒரே பக்கத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள். இரண்டாவது சொல்லை வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. மூலம் காட்டி எடுத்தாண்ட பகுதிகளும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போகும் பொதுவான தொடர்களுக்கும் விலக்கு உண்டு. இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் பெரும்பாலும் சொல் ஒப்புமையைத்தான் பிடிக்கும். சொற்களை மாற்றி, கருத்தை மட்டும் எடுத்து, மூலத்தை விட்டுவிட்டால் அது கண்டுகொள்ளாமல் போகலாம். வாய்மொழித் தேர்வில் உட்காரும் வெளித்தேர்வாளர் கண்டுகொள்வார். மேற்கோளுக்கு மட்டும் மூலம் போதும் என்று படித்த மாணவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, மாற்று என்ன? 'ஆதாரம்' என்கிறார்கள் சிலர். வடசொல் என்பதற்காக அதை ஒதுக்கத் தேவையில்லை. ஆதாரம் என்றால் தாங்கிப் பிடிப்பது, அதுதான் சிக்கல். ஒரு நூலை மறுப்பதற்காகவும் நாம் சுட்டுகிறோம். இன்னார் கூறுவது தவறு என்று எழுதி அவர் நூலைக் குறிப்பிடும்போது, அந்த நூல் எனக்கு எப்படி ஆதாரமாகும்? 'சான்று' என்ற தமிழ்ச் சொல்லுக்கும் இதே குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னும் சிலர் சான்றாதாரம் என்று இரண்டையும் ஒட்டவைத்தது குறையை இரட்டிப்பாக்கியதுதான் மிச்சம்.

சுட்டல் என்பதே பொருந்தும். அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்தவர் யாருக்கும் இது விளங்கும்: பொருளைத் தூக்கி வராமல், அது இருக்கும் இடத்தை நோக்கிக் கைநீட்டுவது. ஆதரிக்கிறேனா மறுக்கிறேனா என்பதைச் சொல் முன்கூட்டித் தீர்மானிக்காது. சுட்டி என்பதைக் கணினியில் மவுசுக்கும் இணைய இணைப்புக்கும் வைத்துவிட்டார்களே என்று கேட்கலாம். சுட்டி வேறு, சுட்டல் வேறு. எழுத்து வேறுபாடு போதுமானது. பட்டியலுக்குச் 'சுட்டிய நூல்கள்'.

பட்டியல் என்றதும் இன்னொரு குழப்பம். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ பாணியில் இறுதிப் பட்டியலில் இருப்பது கட்டுரையில் சுட்டியவை மட்டும். உள்ளே சுட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உள்ளே ஒருமுறையாவது சுட்டப்பட்டிருக்க வேண்டும். பிப்ளியோகிராஃபியோ படித்துப் பயன்கொண்ட, ஆனால் சுட்டாத நூல்களையும் சேர்த்துக்கொள்ளும். இலங்கையில் வழங்கும் 'உசாத்துணை' இந்த இரண்டாவதற்கு மிக அழகாகப் பொருந்துகிறது. உசாவுதல் என்றால் வினவி ஆராய்தல். பழைய வழக்கில் உசாத்துணை என்பது மனம்விட்டுக் கலந்து பேசத் துணையாகும் ஆளைக் குறித்தது. படித்தேன், யோசனை கேட்டேன், வரி எடுக்கவில்லை என்ற உறவை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. தமிழகத்தின் 'துணைநூற்பட்டியல்' அதே வேலையைச் சற்று வறட்சியாகச் செய்கிறது. இரண்டில் எதை வைத்தாலும் சரி. சுட்டிய நூல்களுக்கும் அதே தலைப்பைப் போடாமல் இருந்தால் போதும்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் இந்தக் குழப்பம் முன்பு இவ்வளவு இருந்ததில்லை. அடிக்குறிப்பு, சான்றெண் விளக்கம், மேலது, துணைநூற்பட்டியல் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஆங்கிலக் கையேடுகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர்கள், ஏற்கெனவே இருக்கும் ஆய்வேட்டில் ஒன்றைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

அவர்கள் தமிழ் வாக்கியம் எப்படி நடக்கும் என்பதையும் பார்க்கவில்லை. ஆசிரியர்–ஆண்டு முறையை 1881-இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் கையாண்டபோது ஆங்கிலப் பெயருக்கு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டிய தேவை அவருக்கில்லை. தமிழில் "வரதராசன் (1954) இன் கருத்துப்படி" என்று எழுதுவது கண்ணில் மண் விழுந்தது போல உறுத்துகிறது. உருபைப் பெயரோடு ஒட்டி, ஆண்டைப் பின்னால் தள்ள வேண்டும்: வரதராசனின் (1954) கருத்துப்படி. சுட்டல்களைத் தானாக இட்டுத் தரும் ஜோட்டிரோ போன்ற மென்பொருள் பெயரை எழுவாய் வடிவிலேயே செருகும். அங்கே ஆசிரியர் பெயரை விலக்கும் வசதியைத் தேர்ந்து ஆண்டை மட்டும் வரவைத்து, பெயரைக் கையால் தட்டச்சிடுவதே வழி. இரண்டு ஆசிரியர் என்றால் வாக்கியத்தில் "முருகனும் செல்வியும் (2015)", அடைப்புக்குள் "(முருகன், செல்வி, 2015)". "முருகன் மற்றும் செல்வி" வேண்டாம். உம் இருக்கும் மொழிக்கு மற்றும் எதற்கு? மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி (2019) முதல் தடவையிலிருந்தே முதல் பெயரோடு "முதலியோர்" போட்டால் போதும். பட்டியலில் மட்டும் 20 பேர் வரை முழுக்க எழுத வேண்டும்.

பெயரைத் திருப்பிப்போடுவதிலும் கவனம் வேண்டும். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்து பெரும்பாலும் ஊரோ தந்தை பெயரோ. குடும்பப் பெயர் அன்று. எனவே பட்டியல் இயற்பெயரில்தான் தொடங்கும்: சாமிநாதையர், உ. வே. தந்தை பெயரை விரித்து அதில் தொடங்கினால் நூலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு தொல்லை: அதே பெயரைச் சுவாமிநாதையர் என்றும் எழுதுவோர் உண்டு. நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளதை ஒரு வடிவமாக நிலைநிறுத்தாவிட்டால் ஒரே ஆசிரியர் சா-வில் ஒருமுறையும் சு-வில் ஒருமுறையும் தோன்றுவார். ஆண்டும் அப்படியே. என் சரித்திரம் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து 1950-இல் நூலானது. அதன் பின் எத்தனையோ பதிப்புகள், பக்க எண்கள் வெவ்வேறு. கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டையே குறிக்க வேண்டும். சங்கப் பாடல், குறள் போன்றவற்றுக்குப் பக்க எண்ணைவிடப் பாட்டெண்ணே உதவும். எந்தப் பதிப்பிலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

அகரவரிசையைக் கணினியை நம்பி விட்டால் கெடும். தமிழ் மரபில் ம முன்னே, ன கடைசியில். எனவே கமலா முதலில், கனகசபை பிறகு. கணினி எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யூனிகோடு குறியெண்ணில் ந-வுக்கு அடுத்தே ன வைக்கப்பட்டிருப்பதால் வெறும் குறியெண் வரிசை கனகசபையை முன்னே தள்ளிவிடும். புள்ளி எழுத்தும் அப்படித்தான்: முத்து முன்னே வர வேண்டும், முதலியார் பின்னே, குறியெண் வரிசையில் தலைகீழ். ஜ என்ற எழுத்து ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசைப்படுத்தியபின் ஒருமுறை கையால் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நூல் பெயரைச் சாய்வெழுத்தில் போடு என்ற விதியும் தமிழுக்கு ஒத்துவராது. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு என்பது நேரெழுத்தைத் தள்ளிச் சரித்தது மட்டுமே. ஒற்றைக் குறியோ தடித்த எழுத்தோ போட்டு, கடைசிவரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான மேற்கோளுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஏபிஏ 40 சொல்லும் அதற்கு மேலும் போனால் குறிகளை நீக்கி, அரை அங்குலம் உள்தள்ளித் தனிப் பத்தியாக்கச் சொல்கிறது. உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒட்டுநிலை மொழியான தமிழில் 40 சொற்கள் ஆங்கிலத்தின் 40-ஐவிட வெகுநீளம். விதியை எண்ணால் பிடித்துக்கொண்டால் ஏழெட்டு வரி நீண்ட பகுதிகூடக் குறிகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கம் வகுத்த எம்எல்ஏ பாணி உரைநடைக்கு நான்கு வரிகளுக்கு மேல் என்று அளவு வைத்திருப்பது நமக்கு வசதி.

கடைசியாக 'மேலது'. முந்தைய அடிக்குறிப்பின் நூலே இதுவும் என்று சொல்ல மூன்றெழுத்தில் இவ்வளவு நல்ல சொல் இருக்க, புதிதாகப் பெயர்ப்போர் லத்தீன் இபிடெமை நேரே பிடித்து 'அதே இடத்தில்' என்று எழுதுகிறார்கள். எந்த இடத்தில்? சொல் சரியாக இருந்தாலும் அதில் ஓர் ஆபத்து உண்டு: எழுதி முடித்தபின் இரண்டு குறிப்புகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகினால் 'மேலது' வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடான சிகாகோ கையேடு 2017 பதிப்பிலிருந்து அதற்குப் பதிலாக ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்கம் என்று குறுஞ்சுட்டல் போடுவதையே விரும்புகிறது. இறுதி வடிவம் உறுதியாகும்வரை நாமும் அப்படியே எழுதிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் மேலதை இடலாம்.