ஃபீஸ் தேதியும் அறுவடைத் தேதியும்

கல்விக் கடன் படிவத்தில் மாணவரின் மதிப்பெண்ணுக்குக் கட்டம் உண்டு. அப்பாவின் ஆண்டு வருமானத்துக்கு உண்டு. நிலம், வீடு, ஏற்கெனவே வாங்கிய கடன் என்று எல்லாவற்றுக்கும் உண்டு. பிள்ளை டாக்டராகிச் சம்பாதிக்கும் வரைக்கும் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்க மட்டும் ஒரு கட்டமும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன், பெரும்பகுதி கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிளைகளில். நானும் அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் பல படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், எழுத நேரம் இருக்கிறது.

எம்பிபிஎஸ் சேர்க்கை நடக்கும் காலத்தைப் பாருங்கள். மே மாதம் நீட். அப்புறம் தரவரிசை, கவுன்சலிங் எல்லாம் நகர்ந்து, இடம் கையில் கிடைக்கும்போது ஆகஸ்ட், செப்டம்பர், சில வருடம் அக்டோபர். ஒதுக்கீட்டு ஆணை வந்தால் சில நாட்களுக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். நம்மூரில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த வருடமாக இருந்தால் குறுவை அறுவடைக்கு வந்திருக்கும். மழையும் கூடவே வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், நெல் சாலையோரம் காயும். இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்று, நடவுக் கூலி, உரம் என்று பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆக, கையில் காசு மிகவும் குறைவாக இருக்கிற மாதத்தில்தான் தனியார் கல்லூரி இடத்துக்கு நாலரை லட்சம் கட்டு என்கிறார்கள். சம்பா நெல் விற்ற காசு வர பொங்கல் தாண்டிவிடும். சம்பளக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகப் புரியாது. மாதம் முதல் தேதி என்று ஒன்று விவசாயிக்குக் கிடையாது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மே மாதம், வாசலில் பயிர்க்கடன் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் வந்து நின்றார். "மேனேஜர் சார், பொண்ணு நீட் எழுதியிருக்கா. சீட்டு கிடைச்சா லோன் கொடுப்பீங்களா?" என்றார். "கிடைக்கட்டுங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். மீதி கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி. செப்டம்பரில் பெண்ணுக்குத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்துவிட்டது. ஓடி வந்தார். மொத்தக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டுவதால் சொத்து ஈடு வேண்டும். பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுச் சான்றிதழ் இல்லை, அத்தைகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் திருப்பூரில். பணம் கட்ட ஆறு நாள்தான் இருந்தது.

மூன்று வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கினார், மீதிக்கு நகை போனது. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். மாதாமாதம் ஒன்பதாயிரம். வங்கிக் கடன் ஒருவழியாக அனுமதியானபோது, கட்டணத்தை வங்கி நேராகக் கல்லூரிக்குத்தான் அனுப்பும், அதனால் அடுத்த ஆண்டு ஃபீஸிலிருந்துதான் அவருக்கு உதவியது. முதல் வருடத்து வட்டிக் கடன் அப்படியே நின்றது. பதினான்கு மாதம் வட்டி மட்டும் கட்டினார்: ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். அந்த மே மாதம் ஐந்து நிமிடம் உட்கார வைத்து "பட்டா யார் பேரில் இருக்கு?" என்று கேட்டிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

சொத்து ஈடு விஷயத்தில் டெல்டாவுக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. இங்கே நிறையப் பேர் உழுவது கோயில் நிலம், மடத்து நிலம். தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்தாலும் குத்தகைதாரர் அதை அடமானம் வைக்க முடியாது. வீடும் பல ஊர்களில் கோயில் அடிமனையில்தான் நிற்கிறது. சுவர் நம்முடையது, மண் சாமியுடையது, வங்கிக்கு மண்தான் வேண்டும். சொந்த நன்செய் இருந்தாலும் மேனேஜர் முகம் சுளிப்பார். காரணம், வாராக் கடனுக்குச் சொத்தை எடுக்க வங்கிகள் பயன்படுத்தும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வீடு, மனை, வைப்புத்தொகை, எல்ஐசி பாலிசி இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாமா, சித்தப்பா வீட்டை ஈடு வைக்கலாம், ஆனால் அதை அவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சித்தி பின்னால் தெரிந்துகொண்டு வங்கி வாசலில் வந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழரை லட்சத்துக்குள் அடங்கும் கடனுக்கு ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். நான்கு லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு ஐந்து சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

இடம் எந்தக் கல்லூரியில் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். தஞ்சாவூர், திருவாரூர், 2022-ல் திறந்த நாகப்பட்டினம் போன்ற அரசுக் கல்லூரிகளில் கிடைத்தால் வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும், ஒரு மாட்டின் விலைகூட வராது. அங்கே மெஸ், புத்தகம், துணிமணிதான் செலவு. அதற்குப் பெரிய கடன் வாங்கவே வாங்காதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 2020 சட்டத்தின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போகும் பிள்ளைகளுக்கு, தனியார் கல்லூரியானாலும் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் வருடம் நாலரை லட்சத்தை ஒட்டி. நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்று லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் எங்கோ. நாலரை லட்சம் வரைக்கும் ஒரு டெல்டாக் குடும்பம் திட்டமிட்டால் சமாளிக்கலாம் என்பது என் அனுபவம். பதின்மூன்று லட்சத்துக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள் ஆசைப்படுவதை நான் ஒருபோதும் ஊக்கப்படுத்தியதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். வருடம் நான்கு லட்சம் வீதம் ஐந்து வருடம் வங்கியிலிருந்து போகிறது, வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஹவுஸ் சர்ஜன் வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். அதற்குப் பிறகு தவணை தொடங்க ஒரு வருடம் அவகாசம். ஆறரை வருடமும் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருந்தால், தனிவட்டி மட்டுமே ஒன்பது லட்சம் சேர்ந்துவிடும். இருபது லட்சம் கடன் இருபத்தொன்பது லட்சமாக நிற்கும். பதினைந்து வருடத் தவணை போட்டால் மாதம் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை இருபத்தொன்றரை ஆயிரத்தோடு நிற்கும். மாதம் கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், பதினைந்து வருடத்துக்கு. படிக்கும் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் குறைத்தும் தருகின்றன, கேட்டு வாங்க வேண்டும்.

வட்டி கட்டுவது எளிதா என்றால், முதல் வருடம் எளிது. நான்கு லட்சத்துக்கு மாதம் 3,333 ரூபாய். இரண்டாம் வருடம் அது இரட்டிப்பு. ஐந்தாம் வருடம் பதினாறாயிரத்தைத் தாண்டும், அதை எல்லோராலும் முடியாது. முடிந்தவரை கட்டுங்கள் என்பேன். மாதாமாதம் வேண்டாம், குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை. விற்ற காசு கணக்கில் ஏறிய அன்றைக்கே கட்டிவிட்டால் நிற்கும். வீட்டுக்கு எடுத்துப் போனால் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, போய்விடும்.

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், கடனில் பத்து லட்சம் வரைக்கும் படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் வந்தது. அதில் எட்டு லட்சம் வருமானம் வரைக்கும் மூன்று சதவீத வட்டிச் சலுகை, ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று சேருமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் தானாக வராது. தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து, அவர்கள் பதிவேற்றினார்களா என்று நீங்களே விசாரிக்க வேண்டும். இன்னொன்று: சலுகைக்கு ஒரு சான்றிதழ், "எனக்கு வசதி இருக்கு" என்று காட்ட இன்னொரு சான்றிதழ் என்று இரண்டை என் மேசையில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கடன் பிள்ளையின் எதிர்கால வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவது. அப்பாவைப் பணக்காரராகக் காட்டத் தேவையே இல்லை.

இப்போது, படிவத்தில் இல்லாத கட்டம். பதினெட்டு வயதில் சேரும் பெண் ஹவுஸ் சர்ஜன் முடிக்கும்போது இருபத்து நான்கு ஆகிறது. எம்பிபிஎஸ் மட்டும் போதாது என்று முதுநிலை நீட்டுக்கு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். கடனின் அவகாச வருடம் அதிலேயே கரைகிறது. பிறகு பிஜி மூன்று வருடம். இருபத்தெட்டு வயது. நாற்பத்தெட்டில் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, இடுப்பு வலி, வயலில் குனிய முடிவதில்லை. தம்பி ஒருவன் இருக்கிறான், "அக்கா படிப்பு முடியட்டும்" என்று அவனை ஐடிஐ-யோடு நிறுத்தியிருக்கிறார்கள். அவன் சம்பாதித்து வீட்டை ஓட்டுகிறான். இந்தத் தம்பிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என் கிளையில் அக்காவின் கடனுக்குச் சலான் நிரப்பிப் பணம் கட்ட வரிசையில் நின்றது அவர்கள்தான்.

அதனால்தான் சேருமுன் பத்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள் என்கிறேன். வருடத்துக்கு வீட்டுச் செலவு எவ்வளவு, தம்பி படிப்புக்கு எவ்வளவு, பாட்டியின் மாத்திரைக்கு எவ்வளவு, இவற்றை முதலில் எழுதுங்கள். மீதியில்தான் ஃபீஸ். தலைகீழாக எழுதினால் தம்பி படிப்புதான் முதலில் அடிபடும். வீட்டில் சம்பாதிப்பவர் அப்பா ஒருவர்தான் என்றால் அவர் பேரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கட்டும். கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழுந்த வீடுகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ராத்திரியில் வருமானம் படுத்தது, ஃபீஸ் தேதி படுக்கவில்லை. ஒரு வருடக் கட்டணமாவது தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தவர்கள்தான் அப்போது மூச்சு விட்டார்கள்.

பயிர்க்கடனை எடுத்து ஃபீஸ் கட்டுகிற பழக்கமும் இங்கே உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்பதால் ஆசையாக இருக்கும். கெடு தவறினால் வட்டியும் வரும், அடுத்த போகத்துக்கு உரம் வாங்கக் கடனும் கிடைக்காது, சிபில் கடன் மதிப்பெண்ணும் கெடும். அப்புறம் இணைக் கடனாளியின் பழைய நிலுவையைக் காட்டி அடுத்த கல்விக் கடனுக்கு இழுத்தடிப்பார்கள்.

குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி ஒன்று: எம்பிபிஎஸ் முடித்ததும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி அரசுப் பணியில் சேருங்கள். உதவி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அரசு மருத்துவர்களுக்குப் பிஜி-யில் 50 சதவீதம் உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. இப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருப்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. சம்பளம் வாங்கிக்கொண்டே மேற்படிப்புப் படிக்கலாம். இரண்டு மூன்று வருடம் தாமதமாகும்தான். ஆனால் தம்பி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தவணை கட்டத் தொடங்கியதும் பழைய வருமான வரி முறையில் இருந்தால் வட்டி முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து எட்டு வருடம் கழிக்கலாம்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக: அங்கேயும் நீட் தேர்ச்சி வேண்டும், திரும்பி வந்து தகுதித் தேர்வும் இங்கே ஒரு வருடப் பயிற்சியும் வேண்டும். அந்தத் தேர்வில் தேறாதவர்களே அதிகம். தேறும் வரைக்குமான வருடங்களைக் கணக்கில் சேர்க்காமல் "இருபத்தைந்து லட்சத்தில் டாக்டர்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

பிள்ளை நீட் எழுதிய மே மாதமே பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளைக்குப் போங்கள். கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளை மேனேஜர் கல்விக் கடனை மறுக்கக் கூடாது. அநேகமாக அவர் மறுக்க மாட்டார், "சீட்டு கிடைக்கட்டும், பார்ப்போம்" என்பார். எழுந்து வந்துவிடாதீர்கள். பையைத் திறந்து பட்டாவை எடுத்து மேசையில் வையுங்கள்.