ட்ரிக்கர் கூடு ஏன் ஆடுகிறது? ஒரு .22 ரைஃபிளின் உள்ளே

அமெரிக்காவில் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் பலர் முதலில் கையில் எடுப்பது ரூகர் 10/22. 1964-இல் சந்தைக்கு வந்த இந்த .22 (சுமார் 0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இதை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கவனிக்கும் குறை ஒன்று உண்டு. ட்ரிக்கரைத் தொட்டால் அதைச் சுற்றியிருக்கும் காப்பு வளையமும் சேர்ந்து ஆடும். தோட்டாக்கள் அடங்கிய பெட்டியான மேகசினைச் செருகும்போது, ட்ரிக்கர் பொருந்தியிருக்கும் கூடு முழுவதுமே லேசாக அசையும். துப்பாக்கி கழன்றுவிடுமோ என்ற கவலையில் சிலர் பசையைத் தேடுகிறார்கள், சிலர் சுத்தியலைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் ஆடுவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஆட்டம் இரண்டு வகை. ஒன்று பெரும்பாலும் தொந்தரவு மட்டுமே, மற்றது உயிருக்கே ஆபத்து.

.22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றும். பின்னை அடிப்பது ஹாமர், அதாவது ஸ்பிரிங் பலத்தோடு காத்திருக்கும் ஓர் எஃகுத் துண்டு. அந்த ஹாமரில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. சியர் என்ற இன்னொரு துண்டின் முனை அதில் மாட்டிக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ட்ரிக்கரை இழுத்தால் சியர் நழுவும், ஹாமர் பாயும். குண்டு கிளம்பியதும் வெடிவாயுவின் அழுத்தம், தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னே வரும் போல்ட் ஹாமரை மறுபடி அழுத்திக் கீழே சாய்க்க, சியர் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஹாமர், சியர், ட்ரிக்கர், அவற்றின் ஸ்பிரிங்குகள், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. மேகசினைப் பிடிக்கும் தாழ்ப்பாளும், காலி உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரும்கூட அதில்தான். அந்தக் கூட்டை, குழலும் போல்ட்டும் பொருந்தியிருக்கும் உடற்பகுதியான ரிசீவரோடு இணைப்பவை இரண்டே இரண்டு குறுக்குப் பின்கள். அவற்றை இறுக்க ஸ்க்ரூ கிடையாது, பூட்டும் கிடையாது. விரலால் தள்ளினாலே வெளியே வரும். துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றியதும் சில துப்பாக்கிகளில் தாமாகவே விழுந்துவிடும். அவை நழுவாமல் காப்பது கட்டையின் இரு பக்கச் சுவர்கள்தான். இதைத் தயாரிப்புக் குறை என்று சொல்ல மாட்டேன். கருவி அதிகமில்லாமல் பிரித்துத் துடைக்க முடிய வேண்டும் என்றால் பின்னுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

இடைவெளி நாளடைவில் பெரிதாவது ஏன்? சூடுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், எஃகு 12 பங்கு. 5 மில்லிமீட்டர் துளையை 40 டிகிரி சூடாக்கினால் இரண்டுக்கும் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். கையால் உணரும் ஆட்டத்துக்கு அது போதாது.

உண்மையான காரணம் தேய்மானம். ஒவ்வொரு முறை சுடும்போதும் போல்ட் ஹாமரை அடித்துச் சாய்க்கிறது. அந்த அடி ஹாமரின் அச்சு வழியாகக் கூட்டுக்கும், கூட்டிலிருந்து குறுக்குப் பின்களுக்கும் போய்ச் சேருகிறது. ரிசீவர் அலுமினியக் கலவை, பின் எஃகு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கும்போது அலுமினியத் துகள்கள் உதிர்ந்து ஆக்ஸைடாக மாறுகின்றன. அலுமினிய ஆக்ஸைடு அந்த உலோகத்தைவிடப் பல மடங்கு கடினமானது, உப்புத்தாள்களில் ஒட்டப்படும் பொடியே அதுதான். துளையிலிருந்து உதிர்ந்த பொடியே துளையை அரிக்கிறது. சுட்டு முடித்ததும் அந்தக் கருஞ்சாம்பல் அழுக்கைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல.

இனி, எது ஆபத்து? ஹாமரும் சியரும் ஒரே கூட்டில் தங்கள் அச்சுகளில் நிற்கின்றன. கூடு முழுவதும் ரிசீவருக்குள் ஆடினாலும் அவை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறுவதில்லை. சியரின் பிடி தளராது. குழலும் குறிமுனையும் ரிசீவரோடு இருப்பதால் அவையும் இதனால் நகர்வதில்லை. பாதிப்பு வருவது கூட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே நடக்கும் வேலைகளில். ஹாமர் போல்ட்டை அடிக்கும் இடம் மாறலாம், மேகசின் நிற்கும் உயரம் மாறலாம், எஜெக்டர் உறையைத் தொடும் இடம் மாறலாம். தோட்டா சிக்குவதும், சில சமயம் வெடிக்காமல் போவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். விரலுக்கும் ஒரு கேடு உண்டு. ட்ரிக்கர் விடுபடும் முன்பே கூடு நகர்ந்தால் இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது, குறி சிதறும்.

கூடு அசையாமல் இருக்க, ட்ரிக்கரோ சியரோ தன் அச்சில் மட்டும் தளர்ந்து ஆடினால் அது வேறு கதை. அங்கே சியரின் பிடியே மாறிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி கீழே விழுந்தாலோ எங்கேனும் தட்டுப்பட்டாலோ தானாக வெடிக்கக்கூடும்.

பிரிக்கும் முன் மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை இழுத்து, தோட்டா நிற்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ஹாமர் ஏறிய நிலையில், அதாவது சியர் அதைப் பிடித்திருக்கும்போதுதான் சேஃப்டி நகரும். அதன் பொத்தானை நடுவில் நிறுத்தினால்தான் கட்டையிலிருந்து ரிசீவர் சிக்காமல் வெளியே வரும். குறுக்குப் பின்களைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் புதிய பின் போட்டாலே வேலை முடிந்தது. பின் சரியாக இருந்து துளை பெருத்திருந்தால், சற்றே தடித்த பின்கள் கடைகளில் கிடைக்கின்றன. விரலால் அழுத்தி நுழையும் அளவே போதும், அடித்து ஏற்றினால் அலுமினியம் கிழியும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் தடித்த பின் உதவாது. அந்த ஆட்டம் கூட்டின் அகலத்துக்கும் ரிசீவரின் உட்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியால் வருவது. துப்பாக்கி ஒழுங்காகச் சுட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பசை ஊற்றுவதையும், துளையைச் சுற்றிக் கூர்முனைக் கருவியால் பொட்டுக் குத்தி இறுக்குவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். பசை ஹாமர் பக்கம் கசிந்தால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பொட்டுக் குத்திய துளை வட்டமாகவே இருக்காது.

வேறு சில .22 ரைஃபிள்களில் இதே கூட்டை ஸ்க்ரூ பிடித்திருக்கும். அங்கே தளர்வுக்குக் காரணம் வேறு. ஸ்க்ரூவுக்குக் குறுக்கே ஓயாமல் அதிர்வு வந்தால் மரைகள் நழுவித் தானாகவே அவிழும் என்று ஜெர்மன் பொறியாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். மரையில் ஒரு சொட்டு, கழற்றக்கூடிய வகை த்ரெட்லாக்கர் (மரை அவிழாமல் பிடிக்கும் பசை) அங்கே பொருத்தமான தீர்வு. 10/22-இன் வழவழப்பான பின்களுக்கு அதில் வேலையில்லை.

சியரின் முனையை அரத்தால் தேய்த்து 'சரிசெய்யும்' ஆசையை விட்டுவிடுங்கள். கடினப்படுத்தியிருப்பது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் மட்டும் என்றால், அது போனபின் அடியிலுள்ள மென்மையான எஃகு வேகமாகத் தேய்ந்து பிடி நழுவும். தேய்ந்த சியரை மாற்றத்தான் வேண்டும்.

பூட்டிய பிறகு, தோட்டா இல்லாமல், பாதுகாப்பான திசையில் நீட்டியபடி சோதியுங்கள். ஹாமரை ஏற்றி, சேஃப்டி போட்டு ட்ரிக்கரை இழுத்தால் எதுவும் நடக்கக்கூடாது. சேஃப்டியை எடுத்து இழுத்தால் ஹாமர் விழ வேண்டும். ட்ரிக்கரை விடாமல் பிடித்தபடியே போல்ட்டை இழுத்து விட்டால் ஹாமர் ஏறி நிற்க வேண்டும். விரலைத் தளர்த்தி மறுபடி இழுத்தால்தான் விழ வேண்டும். கடைசியாக, ஹாமர் ஏறிய நிலையில் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிப் பாருங்கள், ஹாமர் விழக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாமல் நேராக கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொண்டு போங்கள்.