அட்டைக்கு அடியில ஒரு முளைப்பாரி

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தாண்ட நின்னு கேட்டாங்க, "ஏந்தம்பி, மம்முட்டி போட்டு கொத்துனாலே பத்து நாள்ல திரும்ப வர்ற அருகம்புல்லு, வெறும் அட்டைய போட்டு மூடுனா எப்படி சாகும்?" நான் வெண்டைக்கு புதுப்பாத்தி போடறதுக்காக பழைய அட்டைப்பெட்டிய பிரிச்சு புல்லு மேல விரிச்சத அவங்க ரெண்டு மாசமா பாத்துட்டு இருக்காங்க.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம். பேருதான் கேரளா, தெருவுல பாதி வீட்ல தமிழ், மழையும் அந்த அடைமழை கெடையாது, பாலக்காட்டு கணவாய் காத்துதான் ஆள தூக்கும். மண்ண இப்படி அட்டை, சருகு போட்டு மூடி வைக்கறத பொள்ளாச்சிக்காரங்க மூடாக்குன்னு சொல்வாங்க, இங்க புதயிடல்னு சொல்றாங்க.

அடிப்படை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வெளிச்சம் இல்லைன்னா இலையில சமையல் நடக்காது, ஆனா செடி சுவாசிக்கறத நிறுத்தாது, அதனால வேர்லயும் தண்டுலயும் சேத்து வச்ச மாவுச்சத்து கரைஞ்சுட்டே வரும், தீந்தா கத முடிஞ்சது. அருகு வெயில் விரும்பி, சாதா நிழலே அதுக்கு ஒத்துக்காது.

எனக்கு புடிச்சது இதுக்கு அடுத்த விஷயம். இருபது நாள் கழிச்சு ஒரு ஓரத்த தூக்கி பாத்தேன். புல்லு சும்மா படுத்து கெடக்கல, ஊசி மாதிரி மெலிசா, வெளுத்த மஞ்சள்ல, கணு கணுவா நீண்டு அட்டையோட அடிய தொட்டுக்கிட்டு போயிருக்கு, இலை பேருக்கு ஒரு துளி. பாத்ததும் மாரியம்மன் நோம்பிக்கு இருட்டு ரூம்ல வளக்கற முளைப்பாரி ஞாபகம்தான் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணேதான். பூக்கற செடிகள்ல பச்சையம் தயாராகுறப்ப கடைசி படிக்கு வெளிச்சம் வேணும், அது இல்லாம மஞ்சளாவே நிக்கும். தென்னங்குருத்து வெளுப்பா இருக்கறதும் இதனாலதான், மடிஞ்சு உள்ள இருக்கற வரைக்கும் வெயில் படல.

வெளிச்சம் இருக்கா இல்லையான்னு செடிக்கு சொல்றது பைட்டோகுரோம்ங்கற நிறமி. இது ஒரு சுவிட்ச் மாதிரி, 660 நானோமீட்டர் அலைநீளத்துல இருக்கற சிவப்பு பட்டா ஆன், 730 பக்கம் இருக்கற, நம்ம கண்ணுக்கு லேசா மட்டும் தெரியற தொலைசிவப்பு பட்டா ஆஃப். ஆஃப்ல இருந்தா செடி "நான் இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கேன்"னு நினைச்சுக்கும், இலைக்கு செலவு பண்ணாம எல்லாத்தையும் தண்டு நீள்றதுலயே கொட்டும். மண்ணுக்குள்ள இருக்கற முளைக்கு அது சரியான கணக்கு, ரெண்டு விரக்கடை ஏறினா வெளிச்சம் வந்துரும். அட்டைக்கு அடியில எவ்வளவு ஓடினாலும் வராது, வெளிச்சத்த தேடி ஓடியே கையிருப்பெல்லாம் சீக்கிரம் காலி.

முளைப்பாரி குட்டையா வந்தா வளத்த பொம்பளைங்க மேல தீட்டுன்னு பழி போடறவங்கள இன்னும் பாக்கறேன். ரூம்ல எங்கயோ ஒரு ஜன்னல் சந்து தெறந்து வெளிச்சம் பட்டிருக்கும், சுவிட்ச் ஆன் ஆகி தண்டு நீளாம நின்னிருக்கும், அவ்வளவுதான்.

இதே சுவிட்ச்தான் களை விதையவும் தூங்க வைக்குது. 1952ல அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில் விவசாய ஆராய்ச்சி மையத்துல லெட்யூஸ் கீரை விதைக்கு சிவப்பு, தொலைசிவப்பு, திரும்ப சிவப்புன்னு மாத்தி மாத்தி வெளிச்சம் காட்டினாங்க, கடைசியா எது பட்டுச்சோ அதுதான் செல்லுபடி, சிவப்புன்னா முளைச்சுது, தொலைசிவப்புன்னா பெரும்பாலும் படுத்துருச்சு. மரத்தடியில களை கம்மியா முளைக்கறதுக்கும் இதுல பங்கு இருக்கு, மேல இருக்கற இலை சிவப்ப குடிச்சுட்டு தொலைசிவப்ப மட்டும் கீழ விடும். பொடி விதை பலதுக்கு மண்ண கொத்தி புரட்டுறப்ப படற ஒரு வினாடிக்கும் குறைவான வெயிலே போதும். கொத்த கொத்த களை வருதுன்னு சொல்றது மிகையே இல்ல, ஒவ்வொரு கொத்தும் ஒரு எழுப்புமணி.

இப்படி மண்ணுக்குள்ள விதை எத்தன வருஷம் தாங்கும்னு பாக்கறதுக்கு, அமெரிக்காவுல மிச்சிகன்ல 1879ல பீல்னு ஒரு பேராசிரியர் 20 பாட்டில்ல களை விதைகள மண்ணோட போட்டு பொதைச்சு வச்சாரு. 2021ல ஒண்ணு எடுத்தாங்க, வெளிச்சம் பட்டுரக்கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே போய் தோண்டினாங்க, 142 வருஷம் கழிச்சும் சிலது முளைச்சுது. கடைசி பாட்டில் 2100ல. நம்ம ஊர்ல மூணு வருஷ ப்ராஜெக்ட்டுக்கே வருஷா வருஷம் என்ன ரிசல்ட்டுன்னு கேக்கறாங்க, இப்படி ஒரு பாட்டில பொதைக்கறேன்னு போய் நின்னா யாரு காசு கொடுப்பா?

சரி, வேலைக்கு வரேன். புல்ல ஒட்ட அறுத்து, தண்ணி விட்டு, கொஞ்சம் சாணி கரைச்சு ஊத்தி, அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி அட்டை விரிச்சு, நனைச்சு, மேல தென்ன மட்டையோ சருகோ நாலு விரக்கடை. மட்டை கண்டிப்பா வேணும், எங்க காத்துக்கு மொத தடவ என் அட்டை மூணு வீடு தாண்டி போச்சு. காய விட்டா கரையான் புடிக்கும். நான் பண்ணின பெரிய தப்பு ஓரத்த வெட்டாம விட்டது, வெளிய வெயில்ல நிக்கற அருகு அதே கொடி வழியா உள்ள இருக்கற சொந்தத்துக்கு சர்க்கரை அனுப்பிட்டே இருக்கும், சுத்தி ஒரு அடிக்கு வெட்டி விட்டாத்தான் பட்டினி கிடக்கும். அருகுக்கு மூணு மாசமாவது விடுங்க. கோரைக்கு இந்த வித்தை பலிக்காது, கிழங்குல அவ்வளவு சேமிப்பு, முனை பாலித்தீன் ஷீட்டையே குத்திட்டு வரும், அத கிழங்கோட தோண்டித்தான் எடுக்கணும்.

அக்கா வீட்டு பரண்ல ஃப்ரிட்ஜ் வந்த டப்பா ஒண்ணு சும்மா கெடக்காம். செலோடேப்பையும் பின்னையும் உரிச்சு வைக்க சொல்லியிருக்கேன், நாளைக்கு சாயங்காலம் நனைக்கணும்.