2147483647: கடன் சீட்டில் வந்த 1903

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆபீஸ் பிரிண்டர், விரல் வைக்கும் வருகை மெஷின், கோயில் கமிட்டியின் சிசிடிவி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். போன வருடம் ஒரு சிறிய கடன் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் முன்னாள் கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) ஒரு தாளை நீட்டினார். 2039 மார்ச்சில் கட்ட வேண்டிய கடைசித் தவணைக்கு ‘ஜனவரி 1903’ என்று அச்சாகியிருந்தது.

“எங்க தாத்தாவே அப்ப கப்பல் ஏறல, தம்பி.”

மென்பொருள் விற்றவர் வைரஸ் என்று சொல்லி, புது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னாராம். ஊரில் எது கெட்டாலும் பழி வைரஸ் மேல்தான்! இங்கே காரணம் ஓர் எண்: 2147483647.

பல மென்பொருள்கள் தேதியை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணி வைக்கின்றன. பழைய முறையில் அதற்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடம். ஒன்று கூட்டலா கழித்தலா என்பதற்குப் போய்விடும். மீதி 31 இடத்திலும் 1 நிரம்பினால் வருவதுதான் இந்த எண். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் மீட்டர் 99999 தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதுபோலத்தான். ஆனால் இது பூஜ்யத்தில் நிற்காமல் கழித்தல் பக்கத்தின் கடைசிக்கு, 1901 டிசம்பருக்கு ஓடி, அங்கிருந்து மறுபடி முன்னோக்கி எண்ணும். 2039 மார்ச் 1903 ஜனவரியானது அப்படித்தான். நம் கடிகாரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடி வரைதான் அதற்கு ஆயுள். அதற்குப் பிந்திய தேதியை இன்றே கணக்கிட்டால் கோளாறும் இன்றே வரும். பதினைந்து வருடக் கடனில் தலைகாட்டியது அதனால்தான்.

எண் மேல் குற்றமில்லை. சொல்லப்போனால் அழகான எண். 2-ஐ 31 முறை பெருக்கி 1 கழித்தது, பகா எண்ணும்கூட. 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை நிறுவினார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 46340 வரையுள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்க அவர் உட்காரவில்லை. இதை வகுக்கும் பகா எண் ஏதும் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீரும் என்று கண்டுபிடித்தார். மிஞ்சிப்போனால் 372 வகுத்தல்கள். ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. இதை 2-இன் 30-ஆம் அடுக்கோடு பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எட்டாவது நிறைவெண் அது. 1, 2, 3 கூடி 6 ஆவதுபோல.

கிராணியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத எடுத்தா விழுமா?” என்றார். பத்து இலக்கம் சார், நாலு நம்பர் லாட்டரியில் நாலு இலக்கம்தான் எடுக்க முடியும் என்றேன்.

இன்றைய 64 பிட் போன்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. கவனிக்க வேண்டியவை பழைய வருகை மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், உள்ளூரில் எழுதி வாங்கிய கணக்கு மென்பொருள்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தேதி வைக்கும் ‘டைம்ஸ்டாம்ப்’ வகைக்கும் இதே எல்லைதான். தொகையைச் சென்னில் 32 பிட்டில் வைத்திருந்தால் 2 கோடியே 14 லட்சம் வெள்ளி தாண்டியதும் கூட்டுத்தொகை கழித்தலாகும். விற்றவரிடம் 2040-இல் முடியும் ஒரு கடனைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் நீங்களே தேதியை மாற்றிப் பார்க்காதீர்கள், சம்பளப் பதிவு குழம்பிவிடும். பிரதி எடுத்து வேறு மெஷினில் பாருங்கள்.

சங்கத்தின் தேதிப் பத்தியை மாற்ற எனக்கு ஒரு பிற்பகல் பிடித்தது. புதுத் தாளில் 2039 மார்ச் சரியாக வந்தது. கிராணியார் பழைய தாளையும் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பேரனிடம் காட்டவாம்.