சிவாஜி நகரில் வாங்கிய சைலன்சர் உங்கள் காருக்கு செட் ஆகுமா?

"அண்ணே, கண்டிப்பா செட் ஆகும்னு கடைக்காரர் சொன்னார்ணே."

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறவர்கள், டிக்கியிலிருந்து பழைய சைலன்சரை இறக்கிக்கொண்டே இதைத்தான் சொல்வார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. போல்ட் ஏறும், பைப் சேரும் என்பதுதான் அவர் கணக்கில் 'செட் ஆகும்'.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி, 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக்கோடு வந்தார். தண்ணீரில் மூழ்கிக் கிடந்த வேகத்தடையில் அடிபட்டு நடு பைப் பிளந்திருந்தது. புதுசின் விலையைக் கேட்டு மிரண்டுபோய், சிவாஜி நகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் கடைத்தெருவில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு (புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா) முழு செட்டையே வாங்கிவிட்டார். லிஃப்டில் ஏற்றி மாட்டினோம். பைப்புகளைச் சேர்க்கும் போல்ட் தட்டான ஃபிளாஞ்ச் கச்சிதமாக உட்கார்ந்தது. தம்பிக்குச் சந்தோஷம். நானோ பழைய செட்டில் இருந்து கழற்றிய இரண்டு ஆக்சிஜன் சென்சார்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வந்த பைப்பில் துளை ஒன்றுதான் இருக்கிறது.

மாடல் அதேதான், எஞ்சினும் அதேதான். ஆனால் இந்த செட், சில வருடம் முந்தைய வண்டியிலிருந்து கழற்றியது. 2013 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களுக்கு ஓபிடி-2, அதாவது புகை சம்பந்தமான கோளாறை வண்டியே கண்டுபிடிக்கும் ஏற்பாடு, கட்டாயமானது. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் பெட்ரோல் கலவையைப் பார்க்கும். பின்னால் உள்ளது, கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஈசியூவிடம் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கோள் சொல்லும். அதைக் கழற்றித் தொங்கவிட்டால் செக் எஞ்சின் விளக்கு எரியும். கன்வெர்ட்டர் செத்திருந்தால் ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண் வரும்.

அதோடு முடியவில்லை. கன்வெர்ட்டர் தூக்கும்போதே லேசாக இருந்தது. ஒரு முனையில் மொபைல் டார்ச்சை வைத்து மறுமுனையில் கண்ணை வைத்தேன். நல்ல கன்வெர்ட்டருக்குள் சன்னமான தேன்கூடு இருக்கும். வெளிச்சம் சல்லடை வழியாக வருகிற மாதிரி புள்ளி புள்ளியாக வரும். இதில் டார்ச் பளீரென்று முகத்தில் அடித்தது. வெறும் தகர டப்பா! பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டை எவரோ முன்பே பெயர்த்து விற்றுவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் திரும்ப வெல்டிங் வைத்திருக்கிறார்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராகப் போகும். இது எறும்புப் புற்று மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது.

"சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டு விளக்கை அணைச்சிடலாமேண்ணே?"

ஸ்பேசர் என்பது சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைத்து ஏமாற்றும் ஒரு துண்டு. செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. விளக்கை ஏமாற்றலாம், ஆனால் புகைச் சான்றிதழுக்கான பி.யூ.சி. மெஷின் புகையையே நேராக அளக்கும். பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) பெட்ரோல் காருக்கு, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். அதற்கு மேல் போகக் கூடாது. காலி டப்பாவை வைத்துக்கொண்டு அதற்குள் நிற்பது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் புகைக்கும் சத்தத்துக்கும் சேர்த்து 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. டப்பா விற்றவர் அதைக் கட்டப்போவதில்லை.

ஆகவே கடையில் காரின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்: தயாரித்த மாதம், வருடம், எரிபொருள், பிஎஸ்-4-ஆ பிஎஸ்-6-ஆ. நாடு முழுக்க பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரலில். அந்தத் தேதிக்கு இருபுறமும் உள்ள வண்டிகளின் சாமானை ஒன்றுக்கொன்று மாற்ற நினைக்க வேண்டாம். டீசலில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப், அதற்கு பிரஷர் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் என்று அது தனி உலகம். டீசலுக்குப் பழையது வாங்கவே வாங்காதீர்கள். பைப்பில் பார்ட் நம்பர் பொறித்திருந்தால் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள்.

அளவும் ஏமாற்றும். இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் வீல்பேஸ் ஒரே 2,430 மி.மீ. ஆனால் நீளம் 3,850, 3,995. அந்த 145 மி.மீ. பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, சத்தத்தை அடக்கும் பின் டப்பாவான மஃப்ளர் உட்காருகிற இடமும் அதுதான். அதனால் பழைய பைப்பைக் கழற்றித் தரையில் போட்டு, பக்கத்தில் புதிதாக வந்ததைப் போடுங்கள். வளைவு, ஹேங்கர் கம்பிகள், ஃபிளாஞ்ச் ஓட்டைகளின் இடைவெளி, வெர்னியரில் பைப்பின் வெளிவிட்டம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். வண்டி இன்னும் பயன்பாட்டில் இருந்து பைப்பைக் கழற்ற முடியாவிட்டால், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பழையதில் நான் தைரியமாக வாங்குவது பின் மஃப்ளர் மட்டும்தான். அதிலும் அடிப்பக்கத்தில் தகடு சேரும் மடிப்பை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்ப்பேன். டிராஃபிக்கில் கிலோமீட்டர் கணக்கில் ஊர்ந்து, சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் வண்டிகளில் ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்துதான் தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். கேஸ்கெட், ரப்பர் ஹேங்கர், ஃபிளெக்ஸ் பைப் மூன்றும் புதிதாகவே வாங்குங்கள். பில்லும், இரண்டு நாள் ரிட்டர்னும் இல்லாத கடை வேண்டாம். திருட்டுக் கன்வெர்ட்டர் ஊரில் சுற்றுகிறது.

தம்பி கடைக்குப் போய் அரை மணி நேரம் தமிழிலும் கன்னடத்திலும் வாதாடிப் பாதிப் பணம் வாங்கி வந்தார். கன்வெர்ட்டர் பழையதே நன்றாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டு, நடு பைப்பை மட்டும் புதிதாகப் போட்டோம். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம், ஈசியூவுக்கு அடி விழக் கூடாதே. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, டெயில் பைப்பை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்துக் காதைக் கொடுத்தோம். ஜாயின்ட் ஒன்றில் 'உஸ்' என்றது. அந்த ஓட்டை வழியே வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தரை ஓட்டை வழியாக கேபினுக்குள் ஏறிவிடும். போல்ட்டை இன்னொரு கால் சுற்று இறுக்கியதும் சத்தம் நின்றது.